கனிசியசுக்குக் கொடுத்த பட்டம்

குருநகரில் ஒருவர் செத்தால் முதலில் கோயில் மணி அடிக்கும். அடுத்ததாக றெஜினாவின் கைத்தொலைபேசி அடிக்கும். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவள் வைத்திருந்த சின்னக் கடையில் போட்டோக் கொப்பி எடுக்கலாம், கலியாணக் காட் அடிக்கலாம், அடையாள அட்டைக்குப் படமும் பிடிக்கலாம். ஆனால் கடைக்கு வாடகை கட்டியது மரண அறிவித்தல்தான்.

யாழ்ப்பாணத்தில் ஒரு மனிதர் கண்ணை மூடுவது ஒரு பக்கம். அதை உலகத்துக்கு ஒழுங்காகச் சொல்வது இன்னொரு பக்கம், அதுதான் பாடு கூடியது. பாரிசில் இருப்பவர்களும் ரொறன்ரோவில் இருப்பவர்களும் காலையில் பல் விளக்க முதல் இணையத்தில் அறிவித்தலைத்தான் திறந்து பார்க்கிறார்கள். யாருடைய மகன், யாருடைய மருமகன், மக்கள் எந்தெந்த நாடு, பேரப்பிள்ளைகளின் பெயர் என்ன, திருப்பலி எத்தனை மணிக்கு, தொடர்புக்கு யார், அவருடைய இலக்கம் என்ன என்று ஒன்றும் விடுபடக்கூடாது. ஒரு பெறாமகனின், அதுதான் கூடப்பிறந்தவரின் மகனின், பெயர் விடுபட்டதற்காக இன்றைக்கும் கதைபேச்சு இல்லாமல் இருக்கிற குடும்பங்களை றெஜினாவுக்குத் தெரியும். அவள் எழுதினால் பெறாமகனென்ன, அவன் வளர்க்கிற நாயின் பெயர்கூட வந்துவிடும் என்று சனம் பகிடி பண்ணும். பகிடி பண்ணினாலும் அவளிடம்தான் வரும்.

இவ்வளவும் போட்டாலும் போதாது. பெயருக்குக் கீழே பட்டம் வேண்டும். ஓய்வுபெற்ற அதிபர், சமாதான நீதவான், முன்னாள் சங்கத் தலைவர் என்று செத்தவருக்குப் பின்னால் ஒரு தேர் வடம்போல இழுத்துக்கொண்டு வரவேண்டும். பட்டம் இல்லாத மனிதர்கள்தான் உலகத்தில் கூடுதல். அவர்களுக்கு றெஜினா ஏதாவது கண்டுபிடித்துக் கொடுப்பாள். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவருக்கு ‘கடற்றொழில் விற்பன்னர்’ என்று போட்டவள் அவள். அந்த வீட்டுக்காரர் பத்திரிகையிலும் அப்படியே போடச் சொன்னார்கள்.

அவளுடைய அத்தான் கனிசியஸ் மாரடைப்பில் போனபோது அறிவித்தலை எழுத வேறு யாரைக் கேட்பது? கனிசியஸ் கடற்றொழிலாளர் சங்கத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஐஸ், வலை, எஞ்சின் ஒயில் கணக்கு. நல்ல மனிதர், ஆனால் பட்டத்துக்குத் தோதான மனிதர் இல்லை. பிரேதம் வீட்டில் கிடக்க, அழுது குரல் அடைத்துப்போயிருந்த அக்கா செபஸ்தியம்மா, றெஜினாவின் மடிக்கணினிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“போன கிழமை செத்த மனிசனுக்கு நாலு வரி போட்டனி. எங்கடை மனிசனுக்குப் போட ஒண்டும் இல்லையோடி?”

றெஜினாவுக்கு மனம் கேட்கவில்லை. தாய் தகப்பன் போனபிறகு அவளை வளர்த்தது அக்காவும் அத்தானும்தான். கலியாணம் வேண்டாம் என்று அவள் நின்றபோது ஊரெல்லாம் ஒரு கதை கதைக்க, “பிள்ளைக்கு விருப்பமில்லாட்டி விடுங்கோ” என்று ஒரே சொல்லில் வாயை அடைத்தவர் கனிசியஸ். அந்த மனிதருக்கு ஒரு வரி இல்லையா?

யோசித்துப் பார்த்தபோது அத்தான் கடைசிக் காலத்தில் பெருமைப்பட்டுக்கொண்ட ஒரு விசயம் நினைவுக்கு வந்தது. நாட்டில் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம், ரூபாயின் பெறுமதி நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்த காலம், பிரான்சிலிருந்து மகன் றயன் அனுப்பிய காசை அவர் பிட்கொயினாக மாற்றி வைத்தார். உதவி செய்தது அவருடைய தம்பியின் மகன் றஜிந்தன். நகரத்தில் கைத்தொலைபேசி திருத்துகிற கடையில் வேலை செய்கிற பெடியன். அவன் பெரியப்பனின் போனில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொடுத்தபின், பன்னிரண்டு இங்கிலிசுச் சொற்களை ஒரு தாளில் எழுதி வைக்கச் சொன்னானாம். அந்தப் பன்னிரண்டு சொல்லும்தான் பெட்டகத்தின் திறப்பு. அது யாரிடம் இருக்கிறதோ காசு அவருடையது. கேட்பதற்கு வங்கியும் இல்லை, மனேச்சரும் இல்லை.

“நான் எழுதி முடியும்வரைக்கும் பெடியன் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டவன், பிள்ளை,” என்று கனிசியஸ் றெஜினாவிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார். “‘எனக்கும் காட்டாதேங்கோ பெரியப்பா, கர்த்தர் வந்து கேட்டாலும் சொல்லாதேங்கோ’ எண்டவன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “உது உன்ரை அக்காவுக்கு. நான் இல்லாட்டிலும் அவள் ஒருத்தரிட்டையும் கை நீட்டக்கூடாது,” என்றார்.

சங்கத்தில் ஒயில் அளந்த மனிதர் எழுபது வயதில் இதைச் செய்தார் என்பதே ஒரு பட்டம்தானே. பிட்கொயின் மாதிரிக் காசுக்கு இங்கிலிசில் சொல்கிற ‘கிரிப்ரோ’வைப் போட்டால் ஏதோ நோயின் பெயர் மாதிரிக் கிடந்தது. றெஜினா கொஞ்சநேரம் யோசித்து, தானே ஒன்று கட்டினாள்: ‘ஓய்வுபெற்ற களஞ்சியப் பொறுப்பாளரும், மின்னணு நாணய முதலீட்டாளருமான’. செபஸ்தியம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வடிவாய்க் கிடக்கு,” என்றாள்.

மதிலில் ஒட்டிய நோட்டீசில் அந்த வரிக்கு இடம் போதவில்லை. இணையத்தில் இடத்துக்கு என்ன பஞ்சம்? அங்கே போட்டாள். அதற்குக் கீழே மகன் றயன் பிரான்ஸ் என்றும், பேரப்பிள்ளைகள் இன்னார் இன்னார் என்றும், தொடர்புக்கு மனைவி செபஸ்தியம்மா என்றும், அவளுடைய கைத்தொலைபேசி இலக்கத்தையும் போட்டாள். பூசை வைக்கிற பங்குச் சுவாமியின் பெயரும் வந்தது. ஒன்றும் விடுபடவில்லை.

அடக்கம் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். அன்றைக்கு றயன் பிரான்சிலிருந்து போன் எடுத்து, அப்பாவின் பிட்கொயின் எப்படி இருக்கிறதென்று ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி றஜிந்தனைக் கேட்டான். றஜிந்தன் வேலை முடிந்து வந்து, பெரியம்மாவுக்கு முன்னால் இருந்து பெரியப்பனின் போனைத் திறந்தான். உள்ளே ஒன்றும் இல்லை. வழித்துத் துடைத்துக் கிடந்தது. முதலில் திறந்து பார்த்தவன் அவன், அதனால் முதலில் சந்தேகம் விழுந்ததும் அவன்மேல்தான்.

“பெரியம்மா, அந்தப் பன்னிரண்டு சொல்லும் எழுதின தாளை ஆரும் பாத்தவையோ?” என்று அவன் கேட்டான்.

செபஸ்தியம்மா திருக்குடும்பப் படத்துக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்துக் காட்டினாள். அது பத்திரமாகத்தான் இருந்தது. பிறகு மெல்ல, “போன கிழமை ஒரு பிள்ளை போன் எடுத்தவன்,” என்றாள்.

அன்றைக்கு அங்கே றெஜினாவும் இருந்தாள், றஜிந்தனின் போனில் வீடியோ அழைப்பில் றயனும் இருந்தான். அக்கா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள். எடுத்தவன் நல்ல யாழ்ப்பாணத் தமிழ் கதைத்தானாம். றயனோடு ஒன்றாக வேலை செய்கிறவனாம். செத்தவீட்டுக்கு வரமுடியவில்லை என்று முதலில் அழுதானாம். பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரித்தானாம். பூசை வைத்த பங்குச் சுவாமியின் பெயர்கூடத் தெரியுமாம். பிறகுதான், கணக்குக்காரர் இறந்துவிட்டால் கொம்பனி கணக்கை மூடிவிடும், காசு போய்விடும், மனைவியின் பெயருக்கு மாற்றவேண்டும், இன்றைக்குத்தான் கடைசி நாள், றயனுக்கு வேலை நேரம் என்றபடியால் தன்னிடம் பொறுப்புத் தந்தவன் என்று சொன்னானாம். செபஸ்தியம்மாவுக்கு இங்கிலிசு வாசிக்க வராது. ஒவ்வொரு எழுத்தாக, எழுத்துக்கூட்டி, பன்னிரண்டு சொல்லையும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பிழை விட்டபோது அவன் பொறுமையாகத் திருத்தினானாம்.

“எவ்வளவு மரியாதையான பிள்ளை. ‘அம்மா, ஐயா மின்னணு நாணய முதலீட்டாளர் எல்லோ, அவற்றை பேருக்கு ஒரு களங்கம் வரக்கூடாது’ எண்டு சொன்னவனடி.”

றெஜினாவின் கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. மின்னணு நாணய முதலீட்டாளர். உலகத்தில் ஒருவரும் வாயால் அப்படிச் சொல்வதில்லை. பத்திரிகையிலும் அப்படி வருவதில்லை. அந்தச் சொல் அவள் கட்டின சொல். பிரேதத்துக்குப் பக்கத்தில் இருந்து அவள் கட்டினதை, கள்ளன் வாசித்துவிட்டு அக்காவுக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறான். யார், எவர், எந்த நாடு, எத்தனை பிள்ளை, காசு எங்கே கிடக்கிறது, யாரைக் கேட்டால் கிடைக்கும் என்று அவள் வரிசையாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். கள்ளனுக்கு இதைவிட ஒருத்தி என்ன உதவி செய்யமுடியும்?

அந்த நேரத்திலேயே சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது உண்மை. அதற்குள் போனின் திரையில் றயன் கத்தத் தொடங்கிவிட்டான்.

“உதெல்லாம் வீட்டு ஆக்களுக்கு மட்டும்தான் தெரியும்! அப்பாட்டைக் காசு கிடந்தது வெளியாலை ஆருக்குத் தெரியும்? உள்ளுக்கை இருக்கிற ஆரோதான் சொல்லிக் குடுத்திருக்கினம்.”

ஒருவரும் றஜிந்தனைப் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டதிலேயே எல்லாருக்கும் விளங்கியது. றெஜினா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்தேன் என்று ஒரு பொய் சொல்லிக்கொண்டு எழும்பினாள்.

கடைக்குப் போய்க் கணினியைத் திறந்தாள். அறிவித்தலுக்குள் போய் அந்த வரியைத் தேடி அழித்தாள். ‘ஓய்வுபெற்ற களஞ்சியப் பொறுப்பாளரான’ என்று வாக்கியத்தைச் சரிப்படுத்தினாள். அக்காவின் இலக்கத்தையும் எடுத்தாள். இனி வேறு எவனும் வாசித்துவிட்டு எடுக்கக்கூடாது, அதற்காகத்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது பொய்யென்று சொல்லும்போதே தெரிந்தது. கள்ளன் எடுத்துக்கொண்டு போன வீட்டுக்கு யார் பூட்டுப் போடுவார்கள்? அவள் அழித்தது தன்னுடைய கையெழுத்தை.

மூன்றாம் நாள் பொலிசில் முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து எல்லாரும் செபஸ்தியம்மாவின் விறாந்தையில் கூடினார்கள். எந்த நாட்டுக்குப் போயிருக்கிறதென்றே பிடிப்பது கடினம் என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். குடும்பத்தில் மூத்தவர் சம்மாட்டி யாகோப்பு. மூன்று றோலர்ப் படகும் ஒரு உரத்த குரலும் உள்ளவர். அவர் நேரே விசயத்துக்கு வந்தார்.

“றஜி, உன்னை ஒருத்தரும் கள்ளனெண்டு சொல்லேல்லை. ஆனா காசு கிடந்தது வீட்டு ஆக்களை விட்டா உனக்கு மட்டும்தான் தெரியும். ஆரும் சிநேகிதப் பெடியளிட்டை வாய் தவறிச் சொன்னனியோ?”

“இல்லை பெரியையா. எனக்கு மட்டும் தெரியுமெண்டில்லை. பெரியப்பாவின்ரை அறிவித்தலிலையே இருந்தது. நான் வாசிச்சனான். ஏதோ முதலீட்டாளரெண்டு போட்டுக் கிடந்தது. உதிலை ஏன் உதைப் போட்டவையெண்டு அண்டைக்கே யோசிச்சனான், செத்தவீட்டிலை என்னண்டு கேக்கிறதெண்டு விட்டிட்டன்.”

திரையிலிருந்த றயன், “நான் அண்டைக்கு அழுத அழுகையிலை அதை வாசிக்கேல்லை. இரு, இப்பவே பாக்கிறன்,” என்றான்.

றெஜினா சுவரோடு சாய்ந்து இருந்தாள். இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே ஒன்று பிடரியில் தள்ளியது.

“அப்பிடி ஒண்டும் இல்லையே,” என்றான் றயன். “களஞ்சியப் பொறுப்பாளர். அவ்வளவுதான். ஏனடா பொய் சொல்லுறாய்?”

றஜிந்தன் தன்னுடைய போனில் தேடினான். மேலே போனான், கீழே வந்தான், மறுபடி மேலே போனான். “இருந்தது,” என்றான். “சத்தியமா இருந்தது.” பிறகு றெஜினாவைப் பார்த்தான். “சின்னம்மா, நீங்கள்தானே எழுதினது. இருந்ததெல்லோ?”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நரகம் என்று ஒன்று தனியாக வேண்டாம் என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. அவள் செபஸ்தியம்மாவைப் பார்த்தாள். செபஸ்தியம்மாவுக்கு அன்றைக்குத் தலை சீவவும் மனமில்லை, எழுதினது ஏதும் நினைவில் நிற்கிற நிலையிலும் இல்லை.

“எனக்கு ஞாபகமில்லையடா தம்பி,” என்றாள் றெஜினா. “அண்டைக்கிருந்த நிலையிலை என்னத்தை எழுதினனோ.”

அந்த ஒரு சொல்லோடு அவன் கதை முடிந்தது. முன்னே சந்தேகம்தான் இருந்தது. இப்போது அகப்பட்டுக்கொண்டவுடன் பொய் சொன்னவன் என்ற பெயரும் சேர்ந்தது. அடுத்த கிழமை அவனுக்குக் கதைத்து வைத்திருந்த கலியாணப் பேச்சு ஆறப் போடப்பட்டது. பெண் வீட்டார் காரணம் சொல்லவில்லை. கடை முதலாளி, காசுப்பெட்டிப் பக்கம் வேறு ஒரு பெடியனை இருத்தினார். முப்பத்தோராம் நாள் பூசைக்கு அவன் வராமல் இருந்தால் நல்லது என்று செபஸ்தியம்மா சொன்னதாக றெஜினாவின் காதில் விழுந்தது. சொல்லும்போது அக்கா அழுதாளாம்.

றெஜினாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் பேரப்பிள்ளைகளின் பெயரைச் சொல்லச் சொல்ல, அவள் விரல் விசைப்பலகையில் நின்றுவிடும். “இலக்கம் வேண்டாம், நான் என்ரை கடை இலக்கத்தைப் போட்டுவிடுறன். பிள்ளையள் எங்கை இருக்கினமெண்டும் வேண்டாம்,” என்பாள். ஒரு மனிதர் கோபித்துக்கொண்டு, மூன்று பேர் கனடாவில் இருக்கிறார்கள் என்று போடாமல் என்ன அறிவித்தல் என்று கேட்டு, அடுத்த தெருக் கடைக்கு எழும்பிப் போனார். போகட்டும் என்று விட்டாள். இந்தப் புத்தி ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் எவ்வளவு நல்லது.

காசை மட்டும் திருப்பி எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு எண்ணம் அவளைப் பிடித்துக்கொண்டது. காசு வந்தால் ஒருவரும் ஒருவரையும் கேட்கமாட்டார்கள். வாயைத் திறக்காமலே பாவம் கழுவப்பட்டுவிடும். முகநூலில் தேடினாள். தேடினால் கிடைக்காமலா போகும்? ‘களவுபோன கிரிப்ரோவை மீட்டுத் தருவோம்’ என்று கோட்டும் ரையும் போட்ட ஒருவர் நின்றார். அவருக்கு எழுதினாள். உடனே பதில் வந்தது. காசு எங்கே நிற்கிறதென்று கண்டுபிடித்தாயிற்று, எடுத்து அனுப்பத்தான் வேணும், அதற்கு முதலில் ஒரு கட்டணம், அதையும் கிரிப்ரோவாகவே அனுப்பவேண்டும், இன்று பின்னேரத்துக்குள் அனுப்பாவிட்டால் கைமாறிவிடும். றெஜினா தன் சங்கிலியை அடைவு வைத்தாள். காசைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அதை எப்படி அனுப்புவது என்று கேட்க அவளுக்குத் தெரிந்த ஒரே ஆளிடம் போனாள்.

எந்த முகத்தோடு போனாள் என்று அவளிடம்தான் கேட்கவேண்டும். றஜிந்தன் கடையின் பின்பக்கத்தில் ஒரு போனைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தான். மெலிந்திருந்தான். அவளைக் கண்டவுடன் எழும்பிக் கதிரையைத் துடைத்துப் போட்டான். குடும்பத்தில் அவனைத் தேடி வந்த முதல் ஆள் அவள்தான்.

அவள் காட்டிய செய்திகளை அவன் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தான்.

“சின்னம்மா, உவனும் கள்ளன்தான். காசு தொலைச்ச ஆக்களைத் தேடிப் பிடிக்கிறதுதான் உவங்கடை தொழில். சில வேளை அதே ஆக்களாயும் இருப்பாங்கள். அந்தக் காசு ஒருக்காப் போனாப் போனதுதான், அதைத் திருப்பி எடுக்கிற ஆள் உலகத்திலை இல்லை. எடுத்துத் தாறன், முதல் காசு அனுப்பெண்டு ஆரும் கேட்டா அங்கையே போனை வையுங்கோ.”

“பின்னேரத்துக்கிடையிலை அனுப்பவேணுமெண்டு சொல்லுறான்.”

“அப்பிடித்தான் சொல்லுவாங்கள். பெரியம்மாவுக்கும் அண்டைக்குத்தான் கடைசி நாளெண்டவன். யோசிக்க விட்டா நாங்கள் ஆரையும் கேட்டிடுவம் எல்லோ. அதுதான் அந்தரப்படுத்துறது.” அவன் அந்த ஆளைத் தடைசெய்துவிட்டுப் போனை அவள் கையில் கொடுத்தான். “அடைவு வைச்ச துண்டு கிடக்கோ? வாங்கோ, நானும் வாறன், இப்பவே மீட்டுக்கொண்டு போங்கோ.”

வெளியே இறங்கும்போது அவன் கேட்டான். “ஏன் சின்னம்மா, நீங்கள் ஏன் உதுக்காக அலையிறியள்?”

“அக்காவுக்காகத்தான்,” என்றாள்.

“ஓம்,” என்றான் அவன். “உங்களுக்கு நல்ல மனம்.”

அந்தச் சொல் அவளுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, அதைக் கழற்றி அலுமாரிக்குள் எறிந்தாள். பிறகும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்வோம் என்று எழும்பினாள். நாள் போகப் போகச் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது. முதல்நாள் சொல்லியிருந்தால் அது ஒரு பிழை. இப்போது அது வேறு ஒன்று, அதற்குப் பெயர் வைக்க அவளுக்கு விருப்பமில்லை.

முப்பத்தொன்றுக்கு முன் இதை ஒரு முடிவுக்குக் கொண்டுவரவேண்டும் என்று சம்மாட்டி யாகோப்பு தீர்மானித்தார். கடலுக்குப் போகிற சனத்துக்குப் பொலிசிலும் பார்க்க அந்தோனியாரில்தான் நம்பிக்கை கூடுதல். வலை களவு போனாலும் எஞ்சின் களவு போனாலும் சந்தியில் கோயில்போலக் கட்டின சின்னக் கூட்டுக்குள் நிற்கிற அந்தோனியார் சுரூபத்தின் காலில் கைவைத்துச் சத்தியம் செய்தால் கதை முடிந்தது. பொய்ச் சத்தியம் செய்தவனைக் கடல் சும்மா விடாது என்பது ஊரறிந்த விசயம். பங்குச் சுவாமிக்குத் தெரிந்தால் ஏசுவார், அதனால் அவர் மறைக்கல்விக்குப் போகிற பின்னேரமாகப் பார்த்து வைத்தார்கள்.

றஜிந்தன் மறுக்கவில்லை. ஒன்றுதான் கேட்டான். “நான் செய்யிறன். ஆனா பெரியப்பாட்டைக் காசு கிடந்தது தெரிஞ்ச எல்லாரும் செய்யவேணும். நான் மட்டும் நிண்டு செய்தா, செய்தாலும் கள்ளன்தான்.”

அது நியாயம் என்று யாகோப்பு சொல்லிவிட்டார்.

பின்னேர வெயிலில் எல்லாரும் சந்தியில் நின்றார்கள். செருப்புகளைக் கழற்றிக் கூட்டுக்கு வெளியே விட்டார்கள். மீன் பெட்டி ஏற்றின சைக்கிள்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போனார். யாகோப்பு சொல்லிக் கொடுக்க, றஜிந்தன் சுரூபத்தின் காலில் கைவைத்துச் சொன்னான்.

“கனிசியஸ் பெரியப்பான்ரை காசை நான் எடுக்கவுமில்லை, எடுக்க வழி சொல்லிக் குடுக்கவுமில்லை.”

குரல் நடுங்கவில்லை. சொல்லிவிட்டுக் கையை எடுத்து நெற்றியில் சிலுவை போட்டான். அடுத்தது போன் திரையில் றயன். பாரிசில் எங்கோ ஒரு சமையலறையில் நின்று, நெஞ்சில் கைவைத்து அதையே சொன்னான். செபஸ்தியம்மா தன் முறை வந்தபோது அழுதுவிட்டாள். “நானெல்லோ எழுத்துக்கூட்டிச் சொல்லிக் குடுத்தனான், நான் என்னத்தைச் சத்தியம் பண்ணுறது?” என்றாள். அவளை விட்டுவிட்டார்கள்.

“றெஜினா, நீயும் ஒருக்காச் சொல்லு பிள்ளை,” என்றார் யாகோப்பு. அவளைச் சந்தேகப்பட்டு அல்ல, ஒழுங்குக்காக.

றெஜினா கையை வைத்தாள். எடுக்கவுமில்லை என்று சொன்னாள். அது உண்மை. அடுத்த பாதிக்கு வந்தபோது நிறுத்தினாள். வழி சொல்லிக் குடுக்கவுமில்லை. வழியை அவள்தானே தெருத்தெருவாக, கதவு இலக்கத்தோடு எழுதிக் கொடுத்தாள்? யாகோப்பு திரும்ப ஒருமுறை சொல்லிக் கொடுத்தார், அவளுக்கு மறந்துபோயிற்று என்று நினைத்து. றெஜினா கையை எடுத்துக்கொண்டு கூட்டின் படியில் இருந்துவிட்டாள்.

“றஜி பொய் சொல்லேல்லை,” என்றாள். “அறிவித்தலிலை இருந்தது. நான்தான் போட்டனான். அத்தானுக்குப் பட்டம் வேணுமெண்டு, மின்னணு நாணய முதலீட்டாளரெண்டு நான்தான் போட்டனான். அக்காவின்ரை இலக்கமும் போட்டனான். அதை வாசிச்சிட்டுத்தான் கள்ளன் எடுத்தவன். அவன் அந்தச் சொல்லையே அக்காவுக்குச் சொன்னவன்.”

செபஸ்தியம்மா வந்து பக்கத்தில் இருந்து, தங்கையின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டாள்.

“விசரி. நான் கேட்டுத்தானேடி நீ போட்டனி. எனக்கு இப்ப ஞாபகம் வருது. அவருக்கு ஒண்டும் இல்லையோ எண்டு நானெல்லோ கேட்டனான். நீ என்ன தெரிஞ்சோ செய்தனி?”

“ஊரெல்லாம் போடுறதைத்தானே போட்டது,” என்றார் யாகோப்பு. “தெரியாமல் நடந்த பிழை.” போனுக்குள் றயன் அழுதுகொண்டிருந்தான். “சின்னம்மா, நீங்கள் அழாதேங்கோ. றஜி, என்னை மன்னிச்சுக்கொள்ளடா. நான் உன்னை என்னென்னவெல்லாம் சொல்லிப்போட்டன்.”

றெஜினா அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவு லேசாக முடிகிற ஒன்றுக்காகவா இத்தனை நாளும் செத்துச் செத்துப் பிழைத்தாள்? அக்காவின் கை முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.

றஜிந்தன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான்.

“சின்னம்மா,” என்றான். “அண்டைக்கு றயன் அண்ணை தேடேக்கை அந்த வரி இருக்கேல்லை. அது எங்கை போனது?”

பதில் அவள் வாயில் ஆயத்தமாக இருந்தது. இணையத்தளக்காரர் மாற்றியிருப்பார்கள், எழுத்துக் கூடினால் அவர்கள் வெட்டுவது வழக்கம். சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். நம்புவதற்கு அவர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள். அவனும்கூட நம்ப விரும்பினான் என்று அவனுடைய கண்ணில் தெரிந்தது.

“நான்தான் எடுத்தனான்,” என்றாள்.

“எப்ப?”

“காசு போனதெண்டு தெரிஞ்ச அண்டைக்கு. பின்னேரமே.”

“அப்ப, விறாந்தையிலை வைச்சு நான் உங்களைக் கேக்கேக்கை...”

“தெரியும்.”

“கடைக்கு வரேக்கையும்?”

அவள் ஓமென்று தலையை ஆட்டினாள்.

றஜிந்தன் கத்துவான் என்று அவள் நினைத்தாள். கத்தியிருந்தால் நல்லாயிருக்கும். அவன் போய்த் தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டான். “பெரியம்மா, முப்பத்தொண்டுக்குப் பூசைக்கு வாறன்,” என்று செபஸ்தியம்மாவுக்குச் சொன்னான். யாகோப்புக்குத் தலையசைத்தான். றெஜினாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவளைக் கடந்துதான் போனான்.

தோளில் கிடந்த அக்காவின் கை கொஞ்சநேரம் அசையாமல் இருந்தது. பிறகு செபஸ்தியம்மா அதை எடுத்தாள். தள்ளவில்லை, ஏசவுமில்லை. எடுத்து, தன் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பெடியன் போன பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை திரும்ப வருமென்று றெஜினா படியிலேயே இருந்தாள்.